சிறு விமானமும் கம்பியில்லாச் செய்தியும்

ஆகாய விமானம் ஒன்றின் உடற்பகுதியில் பெரிய எழுத்துகளில் ஒரு குறி பொறிக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு விமானங்களில் அது 'வி.டி.' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். வண்டிகளுக்குப் பதிவெண் தருவது போன்ற ஏற்பாடு இது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் அந்த எழுத்துகளின் பிறப்பிடம் வேறு. கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் ஒன்றையொன்று அழைப்பதற்காக ஒவ்வொரு நாட்டுக்கும் பன்னாட்டு மாநாடுகளில் பகிர்ந்தளித்த அழைப்பெழுத்துகளின் வழிவந்தவை அவை. விமானம் என்றால் அது பேசும். பேசினால் அதற்கோர் அழைப்புப் பெயர் வேண்டும் என்பது அன்றைய அறிஞர்களின் கணக்கு.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு விமானம் கிளம்பிற்று. 'புஸ் மாத்' என்ற வகையைச் சேர்ந்த ஒற்றை எஞ்சின் விமானம் அது. ஓட்டியவர் ஜே. ஆர். டி. டாட்டா. விமானத்தின் குறி வி.டி. - ஏ.டி.என். ஆமதாபாதில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பம்பாயில் ஜூஹு களத்தில் டாட்டா இறங்க, அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி தபாலை வாங்கிக்கொண்டு பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் வரலாறு இந்தப் பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அவை சொல்லாமல் விடுவது, கம்பியில்லாத் தந்தியின் அழைப்புக் குறியை உடம்பெல்லாம் எழுதிக்கொண்டு பறந்த அந்த விமானத்தில் கம்பியில்லாக் கருவி எதுவும் இருக்கவில்லை என்பதை. பேர் இருந்தது, வாயும் இல்லை, செவியும் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். கம்பியில்லாச் செய்தி பெரிய கப்பலுக்கு முதலில் வந்தது. பிறகு பெரிய விமானத்துக்கு வந்தது. சிறிய விமானத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. மீன் பிடிக்கும் படகுக்கு அது வந்த கதையோ நம் காலத்துக் கதை. அந்தக் கதை காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் உள்ள போலகம் போன்ற ஊர்களின் கிழக்கே விரிந்து கிடக்கும் கடலில்தான் முடிகிறது. ஆகவே வானத்தில் தொடங்கிக் கடலுக்கு வருவோம்.

மின்காந்த அலைகளைத் தொலைவுக்கு அனுப்பி மணியை ஒலிக்கச் செய்யலாம், வெடிமருந்தைப் பற்ற வைக்கலாம் என்று 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். அவர் கையாண்டவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க மிகச் சிறிய அலைகள். அவற்றின் அருமை அன்று எவருக்கும் விளங்கவில்லை. மார்க்கோனி நெடிய அலைகளைப் பற்றிக்கொண்டார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி வந்ததாக அறிவித்தார். நெடிய அலைக்கு நெடிய கம்பம் வேண்டும். கனத்த கருவி வேண்டும். கப்பலில் இரண்டுக்கும் இடம் உண்டு. 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய பின்னர், பெரிய பயணக் கப்பல்கள் கம்பியில்லாக் கருவி வைத்திருத்தல் கட்டாயம் என்ற கருத்து உலகெங்கும் வலுப்பெற்றது.

விமானமோ அப்போது தவழும் குழந்தை. 1910-ஆம் ஆண்டு சென்னையில் ஓட்டல் நடத்தி வந்த தாஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியாரின் உதவியோடு கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த ஷீப்ஸ்ஹெட் விரிகுடாவில் மக்கர்டி என்ற கனடா நாட்டு விமானி, பறந்துகொண்டே தந்தி விசையைத் தட்டித் தரைக்குச் செய்தி அனுப்பினார். விசை அவருடைய திருப்பு சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. வானிலிருந்து விமானம் பேசிய முதல் பேச்சு அது. ஆயினும் பேசியதேயன்றி, அது எதையும் கேட்கவில்லை.

இந்த ஊமை நாடகத்தின் முழு அழகையும் முதல் உலகப் போரில் காணலாம். பீரங்கிக் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று மேலிருந்து பார்த்துச் சொல்வதற்காகச் சிறு விமானங்கள் அனுப்பப்பட்டன. விமானத்தின் அடியில் ஓர் உருளையில் சுற்றி வைத்திருந்த நீண்ட செப்புக் கம்பியை, நுனியில் ஈயக் குண்டு கட்டி, பறக்கும்போது கீழே தொங்கவிடுவார்கள். அதுதான் அலைபரப்பும் கம்பி. இறங்குமுன் மறவாமல் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் கீழே இருப்பவன் தலை தப்புவது அரிது! விமானி விசையைத் தட்டுவான். தரையில் இருப்பவன் கேட்பான். ஆனால் தரையிலிருப்பவன் பதில் சொல்ல வேண்டுமென்றால்? விமானத்தில் ஏற்புக் கருவி கிடையாது. எஞ்சினின் இரைச்சலில் மெல்லிய ஒலி காதில் விழாது, எஞ்சினின் தீப்பொறிகளே அலைகளாகப் பரவி ஏற்புக் கருவியைக் குழப்பும், சுமையும் தாங்காது. ஆகவே தரையில் உள்ளவர்கள் வெள்ளைத் துணிப் பட்டைகளை வயலில் விரித்து எழுத்துகள் போல அமைத்துப் பதில் சொன்னார்கள். மின்காந்த அலையில் வந்த கேள்விக்குச் சலவைத் துணியில் விடை!

போரின் முதல் ஆண்டில் சென்னையைக் குண்டு வீசிக் கலக்கிய எம்டன் கப்பலை நம் பாட்டன்மார் மறக்கவேயில்லை. அந்தக் கப்பலின் முடிவுக்கும் கம்பியில்லாத் தந்திதான் காரணமாயிற்று. 1914 நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்களை இறக்கியது. அவர்கள் கரையேறுமுன், விசித்திரக் கப்பலொன்று வந்திருப்பதாக அந்நிலையம் செய்தி அனுப்பிவிட்டது. அதைக் கேட்டு விரைந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை ஒழித்தது. ஒரு சொல் பறந்து போயிற்று. ஒரு கப்பல் அழிந்தது.

போருக்குப் பின் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பயணிகள் விமானங்கள் ஓடத் தொடங்கின. லண்டனுக்கு அருகில் குராய்டன் நிலையத்தில் கம்பியில்லா அலுவலராக இருந்த மாக்போர்டு என்பவரிடம், ஆபத்தில் சிக்கிய விமானி குரலால் சொல்வதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் தேர்ந்த சொல் 'மேடே'. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஆங்கிலக் காதுக்கு இசைய அமைத்தது அது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இச்சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே பிரெஞ்சு படித்த முதியவர் எவரும் அதைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார். 1927-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு இதனை ஏற்றுக்கொண்டது.

இத்தனை வளர்ச்சிக்குப் பிறகும் 1932-இல் டாட்டாவின் விமானம் ஊமையாகப் பறந்தது ஏன்? பெரிய விமானங்களில் கம்பியில்லாக் கருவியை இயக்கவென்றே தனியாக ஓர் ஆள் அமர்ந்திருந்தார். புஸ் மாத்தில் விமானிக்கும் தபால் மூட்டைக்குமே இடம் சரியாக இருந்தது. வால்வுகள் கொண்ட கருவியும், அதை இயக்கும் மின்கலங்களும், அதன் நீண்ட கம்பியும் ஓர் ஆளின் எடைக்குக் குறையாதவை. ஓர் ஆளின் எடையைக் கருவிக்குக் கொடுத்தால் அத்தனை எடைத் தபாலை இழக்க வேண்டும். தபாலை இழந்தால் கம்பெனி வருவாயை இழக்கும். ஆகவே விமானி கீழே பார்த்து ரயில் பாதையையும் ஆற்றையும் அடையாளம் கண்டு பறந்தார். மழைமேகம் மறைத்தால் அவர் துணை அவர் மட்டுமே.

அக்காலத்தில் சென்னையிலும் பிற நகரங்களிலும் தோன்றிய பறக்கும் சங்கங்களில் பயிற்சி பெற்ற இளைஞர்களின் நிலையும் இதுவே. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக அமரும் திறந்த விமானங்களில், ஆசிரியரும் மாணவரும் ஒரு ரப்பர்க் குழாயின் வழியாகப் பேசிக்கொண்டார்கள். தரையோடு பேச வழியில்லை. விமானத் தளத்திலிருந்து வண்ண விளக்கைக் காட்டுவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம்; நிலையான சிவப்பு என்றால் இன்னும் சுற்றிக்கொண்டிரு. புரிந்தது என்பதற்கு அடையாளமாக விமானி தன் சிறகுகளை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டுவான். யானை காதாட்டுவது போல. கருவி பழுதான விமானத்துக்கு இன்றும் இந்த விளக்கு மொழிதான் துணை என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். விமானத் துறையில் பழைய வழிகளை முற்றிலும் கைவிடுவதில்லை.

இரண்டாம் உலகப் போர் வானொலியைச் சுருக்கிற்று. மிக உயர் அதிர்வெண் கொண்ட குறுகிய அலைகளைக் கையாளும் கருவிகள் வந்தன. இன்று விமானிகள் தரையோடு பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில்தான். குறுகிய அலைக்குக் குறுகிய கம்பி போதும். ஈயக் குண்டும் உருளையும் தேவையில்லை. ஆனால் இந்த அலைகளுக்கு ஒரு குணமுண்டு. அவை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். பூமி வளைந்து மறைத்துக்கொண்டால் அதற்கப்பால் எட்டா. எவ்வளவு தொலைவு எட்டும் என்பதைக் கணக்கிட எளிய வழி உண்டு. கம்பியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 1,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு அது 130 கிலோமீட்டர். சென்னைக்கு மேலே 3,500 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல், நடுவில் தடையேதும் இல்லையெனில், போலகத்து வயல்வெளியில் வைத்த கருவிக்கும் எட்டும். இப்போது இதே கணக்கைக் கடலில் போட்டுப் பாருங்கள். படகில் நிற்கும் ஒருவர் தம் கருவியை இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், அவருடைய அடிவானம் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. வானத்தில் இருப்பவனுக்கு உயரமே செல்வம்; கடலில் இருப்பவனோ இந்தச் செல்வத்தில் பரம ஏழை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1947-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு போயிற்று; எடை போயிற்று. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் மிகச் சிறிய விமானமும் வாயும் செவியும் பெற்றுவிட்டது. பின்னர் கையடக்கமான வானொலிக் கருவிகளும் வந்தன.

ஆனால் பேசத் தெரிந்தால் மட்டும் போதுமா? தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? இதற்கு விடை விண்ணிலிருந்து வந்தது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் நேரக் குறிகள் வந்து சேரும் தாமதத்தைக் கொண்டு நம் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. முதலில் இது படைக்கெனவே அமைந்தது. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள் வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பின்னர், இதனைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையையும் நீக்கிவிட்டார்கள்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஓர் இடையூறு குறுக்கிட்டது. விண்ணிலிருந்து வரும் அலை, பூமியைச் சூழ்ந்துள்ள மின்னேறிய காற்று மண்டலத்தைக் கடக்கும்போது தாமதப்படுகிறது. அயனமண்டலம் என்று இதனைச் சொல்வார்கள். உலகின் பிற பகுதிகளில் இது ஓரளவு அமைதியாக இருக்கும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலோ மாலை வேளைகளில் கொந்தளிக்கும். அந்தக் கோடு தென்னிந்தியாவின் நுனியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் நம் விண்வெளி முயற்சியின் முதல் ராக்கெட்டைத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவியதற்கே இந்தக் கோட்டின் அண்மைதான் காரணம். ஆராய்ச்சியாளருக்கு விருந்தாக இருந்தது விமானிக்குத் தலைவலியாயிற்று. அயனமண்டலத்தின் மாறுதலால் கணக்கு சில மீட்டர், சில வேளை பல மீட்டர் பிசகும். ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானத்துக்கு அந்தப் பிசகு உயிர்ச் செலவு.

பிழையைத் திருத்த ஒரு வழி உண்டு. தம் இடம் மிகத் துல்லியமாக அறியப்பட்ட நிலையங்களைத் தரையில் அமைத்து, அவற்றின் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று கண்டு, அந்தத் திருத்தத்தை வேறொரு செயற்கைக்கோளின் வழியாக எல்லோருக்கும் ஒலிபரப்பிவிடலாம். இந்திய விமான நிலைய ஆணையமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 15 தரை நிலையங்களோடு அமைத்த இந்த ஏற்பாட்டுக்குக் 'ககன்' என்று பெயர். வானத்தைக் ககனம் என்று வழங்கும் நம் புலவர்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று.

ககனின் பயணம் இடறலோடுதான் தொடங்கிற்று. இதற்கான கருவியைச் சுமந்த ஜிசாட் - 4 செயற்கைக்கோள், 2010 ஏப்ரல் 15-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் தோற்றதால் கடலில் விழுந்தது. மறு ஆண்டு மே மாதம் ஜிசாட் - 8 தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து விண்ணேறியது. அடுத்து ககனைச் சுமந்த ஜிசாட் - 10, ஜிசாட் - 15 ஆகியவையும் அங்கிருந்தே சென்றன. பிரெஞ்சுக் கயானா என்ற பெயரைக் கேட்டால் காரைக்காலின் வரலாறு தெரிந்தவர் ஒரு கணம் நின்றுதான் மேலே செல்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறிய துறைகளுள் காரைக்கால் ஒன்று. ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனது போலவே கயானாவுக்கும் போனார்கள். அவர்களில் பலர் தம் வீட்டுக்கு ஒரு சொல்லும் அனுப்ப வழியில்லாமலே மாய்ந்தார்கள். அவர்கள் மறைந்த மண்ணிலிருந்து கிளம்பிய கோள்கள்தாம் காரைக்கால் கடலுக்கு இன்று செய்தி சொல்கின்றன. வரலாறு இப்படியும் சில முடிச்சுகளைப் போடும்.

2013 டிசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் ககன் படிப்படியாகச் சான்று பெற்றது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றை அடுத்து இத்தகைய ஏற்பாட்டைப் பெற்றது இந்தியா. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இதுவே முதலாவது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானத்துக் கிஷன்கர் என்ற சிறு விமான நிலையத்தில், தரையில் விலையுயர்ந்த வழிகாட்டும் கருவி எதுவும் இன்றி, ககனின் துணையால் பயணிகள் விமானம் ஒன்று இறங்கிக் காட்டியது. இதன் பொருளை நாம் உணர வேண்டும். பெரிய நகரத்து விமான நிலையம் கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி வைத்துக்கொள்ளும். சிற்றூர்த் தளத்துக்கு அது கனவு. விண்ணிலிருந்து வரும் வழிகாட்டலோ ஊர் பார்த்து வருவதில்லை.

இதற்கிடையே விமானியின் சட்டைப்பையில் ஒரு புதுமை புகுந்துவிட்டது. கைப்பேசி வந்தது, 2010-க்குப் பின் பலகைக் கணினி வந்தது. சிறு விமானம் ஓட்டுவோர் முழங்காலில் கட்டிவைத்த வரைபடங்களை எடுத்துவிட்டு இவற்றை வைத்துக்கொண்டனர். ஆனால் விமானத்தின் பலகையில் உள்ள வழிகாட்டும் கருவி ஒன்று, முழங்காலில் உள்ள கணினி மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று அறியா. வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக வகுத்த பாதையை, எஞ்சினை முடுக்கிவிட்டு அவசரத்தில் மறுபடியும் எழுத்தெழுத்தாகத் திருகுக் குமிழால் பதிய வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் வேறு ஊர்! 2014-ஐ ஒட்டி, இவ்விரண்டையும் புளூடூத் என்ற குறுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பால் பேசவைக்கும் சிறு பெட்டிகளை அமெரிக்கக் கம்பெனிகள் விற்கத் தொடங்கின. கணினியில் வகுத்த பாதை காற்றில் மிதந்து பலகைக் கருவிக்குச் சென்றது. பலகைக் கருவியின் துல்லியமான இடக் கணக்கும் வானிலைச் செய்தியும் கணினிக்குத் திரும்பி வந்தன.

இதில் பாராட்டத்தக்க ஓர் எச்சரிக்கையைக் காண்கிறேன். கணினி அனுப்பும் பாதையைப் பலகைக் கருவி தானே ஏற்றுக்கொண்டுவிடுவதில்லை. 'இப்படி ஒன்று வந்திருக்கிறது, ஏற்கவா?' என்று கேட்கும். விமானி பார்த்து, தன் விரலால் ஒப்புதல் தந்தால்தான் அது செல்லும். கடைத்தெருவில் வாங்கிய கருவி ஆயிரம் வேலை செய்யும். எந்த நேரத்தில் எப்படிக் குழம்பும் என்று சொல்ல முடியாது. விமானப் பலகையில் உள்ளதோ ஒவ்வொரு திருகாணிக்கும் சான்று பெற்ற கருவி. இரண்டுக்கும் இடையில் மனிதனின் விரலைக் காவல் வைத்தது நல்ல ஏற்பாடு.

புளூடூத் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப்பெயர் அது. நீலப் பல்லன் என்று பொருள். சிதறிக் கிடந்த மக்களை ஒன்று சேர்த்தவன் என்பதால், சிதறிக் கிடக்கும் கருவிகளை ஒன்று சேர்க்கும் முறைக்கு அவன் பெயரை 1997-இல் ஒரு பொறியாளர் தற்காலிகமாகச் சூட்டினார், அதுவே நிலைத்துவிட்டது. காரைக்காலுக்கு வடக்கே, மிக அருகில், தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டென்மார்க்குக் கொடி பறந்தது. அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகும் மாணவர்கள், தம் சட்டைப்பையிலும் ஒரு டென்மார்க்கு அரசன் இருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கடலுக்கு வருவோம். போலகத்துக்குக் கிழக்கே பட்டினச்சேரி முதலிய மீனவர் குப்பங்கள் உள்ளன. 1952-இலும் 1977-இலும் நாகைக் கரையைத் தாக்கிய புயல்களையும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையையும், 2018 நவம்பரில் வேதாரணியத்தின் அருகே கரையேறிய கஜாவையும் இந்தக் கரையோரம் கண்டிருக்கிறது. காரைக்காலிலேயே வானிலைத் துறையின் ராடார் இருக்கிறது. புயல் எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும். கடலில் இருப்பவனுக்கு அதைச் சொல்வது எப்படி என்பதுதான் கேள்வி. கரையோரக் கோபுரத்தின் அலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குமேல் கைப்பேசிக்கு நம்பகமாக எட்டுவதில்லை. விசைப்படகுகளோ அதற்கப்பால் பல நாள் தங்கி மீன் பிடிப்பவை. நாம் முன்பு போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1932-இல் புஸ் மாத் விமானம் இருந்த அதே நிலையில், கையில் கருவி இருந்தும் செவியில்லாமல், படகு நிற்கிறது.

இந்தக் குறையின் விலையை 2017 நவம்பர் இறுதியில் நாடு கண்டது. குமரிமுனைக்கு அருகே ஒக்கி என்ற புயல் மிக விரைவாகத் திரண்டது. அதற்குப் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்டத்து, கேரளத்து மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. நூற்றுக்கணக்கானோர் மீளவில்லை. எச்சரிக்கை சொன்னோம் என்று அலுவலகங்கள் கூறின. சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கேட்காத செவிக்குச் சொன்னது சொன்னதாகுமா?

அதன் பின்னர்தான், விமானத்துக்கென்று அமைத்த ககனின் ஒலிபரப்பில் மீனவருக்கும் சில வரிகளைச் சேர்த்து அனுப்பினால் என்ன என்ற எண்ணம் செயலுருப் பெற்றது. ஐதராபாதில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய 'ஜெமினி' என்ற சிறு பெட்டி 2019 அக்டோபர் 9-ஆம் நாள் வெளியிடப்பட்டது. படகில் வைத்த இந்தப் பெட்டி, நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாது நிற்பது போலத் தோன்றும் கோளிலிருந்து செய்தியை வாங்கும். வாங்கியதைப் புளூடூத் வழியாக மீனவரின் கைப்பேசிக்குத் தரும். கைப்பேசி அதைத் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் காட்டும். புயல், பேரலை, ஆழிப்பேரலை எச்சரிக்கையோடு, கடல்நீரின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் கொண்டு கணித்த மீன்வளப் பகுதிகளையும் சொல்லும். அடிவானம் ஆறு கிலோமீட்டர் என்ற ஏழ்மையை இது ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. ஏனெனில் செய்தி பக்கவாட்டிலிருந்து வராமல் தலைக்கு மேலிருந்து வருகிறது. விமானி தன் முழங்காலில் வைத்திருக்கும் ஏற்பாடும் படகோட்டி மடியில் வைத்திருக்கும் ஏற்பாடும் அடிப்படையில் ஒன்றே என்பதை ஊன்றிக் கவனியுங்கள்: விண்ணைக் கேட்கும் ஒரு பெட்டி, அதனோடு கம்பியின்றிப் பேசும் ஒரு கைப்பேசி.

ஆனால் ஜெமினி கேட்கும், பேசாது. முதல் உலகப் போரின் விமானி பேசினான், கேட்கவில்லை. இங்கே மீனவன் கேட்கிறான், பேச முடியவில்லை. எஞ்சின் நின்றுபோய்க் கடலில் மிதப்பவனுக்குப் புயல் வருகிறது என்ற செய்தி எந்த அளவுக்கு உதவும்? அவன் இருக்கும் இடத்தைப் பிறர் அறிய வேண்டுமே. ஆபத்துக் குறி அனுப்பும் கருவியொன்றை விண்வெளி நிறுவனம் 2010-லேயே மீனவருக்கு அளித்திருந்தது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி கரைக்குச் செல்லும். எனினும் அழுத்தியவனுக்குத் தன் குரல் எட்டியதா இல்லையா என்று தெரியாது. கொந்தளிக்கும் கடலில், இருட்டில், அந்த ஐயம் எத்தகைய வேதனை என்பதைப் படகேறியவர்தாம் சொல்ல முடியும்.

2024 தொடக்கத்தில் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் இந்தக் குறை நீக்கப்பட்டது. ஆபத்துக் குறி கரைக்குச் சென்றதும், மீட்புத் துறையினரிடமிருந்து 'கிடைத்தது' என்ற மறுமொழி நம் நாட்டு நாவிக் கோள்களின் வழியாகத் திரும்பி வரும். புளூடூத்தால் இணைந்த கைப்பேசியில் அதைத் தாய்மொழியிலேயே படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழியும் பேசும் கருவிகளைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மகாராஷ்டிரத்தில் பால்கர் என்ற இடத்தில் தொடங்கினார்கள். எல்லைக் கோட்டை நெருங்கும்போதும் அக்கருவி எச்சரிக்கும். பாக்கு நீரிணைப் பக்கம் செல்லும் நம் மீனவர்களுக்கு அது புயல் எச்சரிக்கைக்குக் குறைந்ததன்று. அதனோடு பேசும் கைப்பேசிச் செயலிக்கு 'நபமித்ரா' என்று பெயர். வானத் தோழன் என்பது அதன் பொருள். செய்தி ஏறி இறங்கி வரும் வழி நீளம்: படகிலிருந்து கோளுக்கு, கோளிலிருந்து கரைக்கு, மீண்டும் கரையிலிருந்து கோளுக்கு, கோளிலிருந்து படகுக்கு. அதன் கடைசி இரண்டு முழம், பெட்டியிலிருந்து மீனவரின் உள்ளங்கைக்கு.